பன்னிரண்டு பேருக்கு ஒரே சார்ட்: பொதுக் கணினியை மேம்படுத்தும் கணக்கு

எட்டாம் வகுப்புக் கணிதத்தில் ‘நேரமும் வேலையும்’ பகுதியை நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் ஒரே மாதிரிக் கணக்குகளைத்தான் கரும்பலகையில் எழுதுகிறோம். ஒருவர் 12 நாளில் முடிக்கும் வேலையை 4 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்? பிள்ளைகள் 3 என்று சொல்லிவிடுவார்கள். 12 பேர் என்றால்? ஒரே நாள். விடை சரி. ஆனால் உண்மையான வேலை இப்படித்தான் நடக்கிறதா என்று நானும் கேட்டதில்லை, பிள்ளைகளும் கேட்டதில்லை.

இந்த ஆண்டு அந்தக் கேள்வியை வகுப்பில் வைத்தேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. நான் கணிதப் பட்டதாரி ஆசிரியர். எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளியின் கணினி ஆய்வகமும் என் பொறுப்பில் இருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் முன்னாள் மாணவர்கள் சிலர் ஆய்வகத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். யோசிக்காமல் “நான்கு கணினிகள்” என்றேன். வாங்கித் தந்தார்கள். பூசை போட்டு, படம் எடுத்து, நன்றி சொல்லி அனுப்பினோம். அதன் பிறகும் பிள்ளைகள் திரையைப் பார்த்துக் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள். இந்த ஆண்டு அவர்களே மீண்டும் வந்து கேட்டபோது, “ஆறு கணினிகள்” என்று எழுதிய தாள் என் பையில் தயாராக இருந்தது. அந்தத் தாளை நான் கொடுக்கவில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பாடத்தின் மையப்பொருளாக நான் எடுத்துக்கொண்டது, மருத்துவ ஆய்வுக்காகப் பலர் சேர்ந்து பயன்படுத்தும் மீத்திறன் கணினிகளை எப்படி மேம்படுத்துகிறார்கள் என்பது. பெரிய விஷயமாகத் தோன்றும். ஆனால் காகிதத் துண்டுகளும் ஒரு சார்ட்டும் இருந்தால் இரண்டு பாடவேளைகளில் நடத்திவிடலாம்.

கற்றல் விளைவுகள்

இப்பாடத்தின் முடிவில் மாணவர்கள்,

• பெரிய வேலையைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்தால் நேரம் எந்த அளவு குறையும், எங்கே குறையாமல் நிற்கும் என்பதைச் செய்து பார்த்து அறிவர்.
• டி.என்.ஏ. வரிசையைக் கணினி எவ்வாறு படிக்கிறது என்பதை விளக்குவர்.
• கோடி, லட்சம், சராசரி, விகிதம் ஆகியவற்றை உண்மையான தரவில் பயன்படுத்துவர்.
• ஒரு பொதுப்பொருளில் குறை எங்கே இருக்கிறது என்பதை அளந்து கண்டறிவர்.

செயல்பாடு: துண்டுகளின் இடத்தைத் தேடுதல்

முதலில் பிள்ளைகளையே நம் பள்ளியைப் பற்றி 60 சொற்களில் ஒரு பத்தி எழுதச் சொன்னேன். நுழைவாயில், கிணறு, வேப்பமரம், சத்துணவுக்கூடம் எல்லாம் அதில் வந்தன. அதைச் சார்ட்டில் பெரிதாக எழுதி, ஒவ்வொரு சொல்லின் கீழும் 1 முதல் 60 வரை எண் போட்டுச் சுவரில் ஒட்டினோம். இதுதான் ‘மூலப்படி’.

பிறகு அதே பத்தியை நான்கு தாள்களில் எழுதினேன். இரண்டு தாள்களில் ‘வேப்பமரம்’ என்ற சொல்லை ‘புங்கமரம்’ என்று மாற்றினேன். ஒரே ஒரு தாளில் ‘கிணறு’ என்பதைக் ‘கிணரு’ என்று வேண்டுமென்றே தவறாக எழுதினேன். முதல் தாளை ஐந்தைந்து சொற்களாக வெட்டினேன். மற்ற மூன்று தாள்களில் வெட்டும் இடத்தை ஒன்றிரண்டு சொற்கள் தள்ளித் தள்ளித் தொடங்கினேன். மொத்தம் 51 துண்டுகள். அனைத்தையும் கலந்து ஒரு பெட்டியில் போட்டேன்.

வேலை இதுதான்: ஒரு துண்டை எடுக்க வேண்டும், அது மூலப்படியில் எந்த எண்ணில் தொடங்குகிறது என்று தேட வேண்டும், எண்ணைத் துண்டின் பின்பக்கம் எழுதி இன்னொரு பெட்டியில் போட வேண்டும்.

முதலில் ஒரு மாணவி மட்டும் செய்தாள். துண்டு ஒன்றுக்குச் சராசரியாக 20 விநாடி. 51 துண்டுகளுக்கு 17 நிமிடம். அடுத்து வேறு நான்கு பேர். கணக்குப்படி நான்கேகால் நிமிடம் ஆக வேண்டும். ஐந்து நிமிடம் ஆனது. “பரவாயில்லை டீச்சர்” என்றார்கள். அடுத்து வேறு 12 பேர். கணக்குப்படி ஒன்றரை நிமிடத்துக்குள் முடிய வேண்டும். நான்கு நிமிடத்தைத் தாண்டிவிட்டது.

காரணத்தை நான் சொல்லவில்லை, வகுப்பே பார்த்தது. சுவரில் ஒரே சார்ட். அதன் முன் 12 பேர் முண்டியடித்து நின்றார்கள். முன்னால் நின்றவர் தலை மறைத்தது. கையில் துண்டுடன் பின்னால் நின்றவர்கள் சும்மா நின்றார்கள்.

“இப்போது இன்னும் பத்துப் பேரை அனுப்பட்டுமா?” என்று கேட்டேன்.

“வேண்டாம் டீச்சர், இன்னும் மூணு சார்ட் எழுதுங்க” என்றான் ஒரு மாணவன்.

மூன்று சார்ட்டுகளை எழுதி நான்கு சுவர்களிலும் ஒட்டினோம். வேறு 12 பேர் அதே வேலையை இரண்டு நிமிடத்துக்குள் முடித்தார்கள். ஆள் எண்ணிக்கை மாறவில்லை. மாறியது சார்ட்டின் எண்ணிக்கை மட்டும்.

விவசாயக் குடும்பத்துப் பையன் ஒருவன் எழுந்து சொன்னான்: “எங்க ஊர்ல அறுப்பு மெஷின் ரெண்டு வந்துச்சு டீச்சர். நாலு நாள் அறுப்பு ரெண்டு நாள்ல முடிஞ்சிடுச்சு. ஆனா நெல்லை எடை போட ஒரே வரிசைதான். மூட்டை அங்கேயேதான் கிடந்துச்சு.” நான் பாடத்திட்டத்தில் எழுதி வைத்திருந்த உதாரணத்தை அடித்துவிட்டு அவன் சொன்னதை எழுதிக்கொண்டேன்.

இந்தத் துண்டுகளுக்கும் மருத்துவத்துக்கும் என்ன தொடர்பு?

நம் உடலின் செல்களில் உள்ள டி.என்.ஏ.வில் அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்ற நான்கு காரங்கள் வரிசையாக அமைந்துள்ளன. இவற்றை நான்கு எழுத்துகளாகக் கொண்டால், மனித மரபணுத்தொகுதி என்னும் ஜீனோம் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்ட ஒரு நூல். பரவலாகப் பயன்படும் வரிசைப்படுத்தும் கருவிகள் இந்த நூலை முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. சிறு சிறு துண்டுகளாக, துண்டுக்குச் சுமார் 150 எழுத்துகளாகப் படிக்கின்றன. அந்தத் துண்டு மூலப்படியில் எங்கே பொருந்துகிறது என்று தேடுவது கணினியின் வேலை. நம் பிள்ளைகள் செய்ததும் அதுவே.

ஒரே தாளை வெட்டாமல் ஏன் நான்கு தாள்களை வெட்டினோம் என்று கேட்டேன். 51 துண்டுகளையும் எண் வரிசையில் அடுக்கியபோது விடை கிடைத்தது. ‘கிணரு’ ஒரு துண்டில் மட்டும் இருந்தது. அதே இடத்துக்குரிய மற்ற மூன்று துண்டுகளிலும் ‘கிணறு’ என்றே இருந்தது. ஆகவே அது படிக்கும்போது நேர்ந்த பிழை. ‘புங்கமரம்’ இரண்டில் இருந்தது, ‘வேப்பமரம்’ இரண்டில் இருந்தது. அது பிழை அல்ல, உண்மையான மாற்றம். ஒவ்வொருவரிடமும் தாய் வழியில் ஒன்று, தந்தை வழியில் ஒன்று என இரண்டு படிகள் இருப்பதால், ஒரு படியில் மட்டும் மாற்றம் இருந்தால் ஏறத்தாழப் பாதித் துண்டுகளில் அது தென்படும். பிழையையும் மாற்றத்தையும் பிரித்தறிய, ஆய்வகங்களில் ஒரே ஜீனோமைச் சராசரியாக 30 முறை படிப்பது வழக்கம்.

ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகிவிடும் என்ற கேள்வி கட்டாயம் வரும். அரிவாள் செல் இரத்தச்சோகையை உதாரணமாகச் சொல்லலாம். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலிக்கான மரபணுவில் ‘ஜி-ஏ-ஜி’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘ஜி-டி-ஜி’ என்று ஓர் எழுத்து மாறுகிறது. அதனால் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலைன் வருகிறது. இரண்டு படிகளிலும் இந்த மாற்றம் இருப்பவரின் இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைகின்றன. இந்தியாவில் இந்த மாற்றம் 1952-இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே கண்டறியப்பட்டது. இதைச் சொல்லும்போது இரண்டு எச்சரிக்கைகள் தேவை. இந்நோயைக் கண்டறிய ஜீனோம் முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. இரத்தப் பரிசோதனையே போதும். இது எந்த ஒரு சமூகத்துக்கும் உரிய குறை அல்ல என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்றையும் பிள்ளைகள் தாமாகவே கண்டார்கள். ‘மரத்தடியில்’ என்ற சொல் பத்தியில் இரண்டு இடத்தில் வந்ததால் ஒரு சிறு துண்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மனித ஜீனோமிலும் இதே சிக்கல் உண்டு. மனித மரபணுத் திட்டம் 1990-இல் தொடங்கி 2003-இல் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் ஏறத்தாழ 8 விழுக்காடு நிரப்பப்படாமலே இருந்தது. திரும்பத் திரும்ப வரும் பகுதிகளே அதில் பெரும்பங்கு. நீளமான துண்டுகளைப் படிக்கும் கருவிகள் வந்த பிறகே, 2022-இல் இடைவெளியில்லாத வரிசை வெளியானது.

கரும்பலகையில் ஒரு கணக்கு

இதைப் பிள்ளைகளையே செய்யச் சொல்லுங்கள்.

300 கோடி எழுத்துகள் × 30 முறை = 9,000 கோடி எழுத்துகள்.
துண்டுக்கு 150 எழுத்துகள் என்றால், 60 கோடித் துண்டுகள்.
துண்டுக்கு 20 விநாடி என்றால், 1,200 கோடி விநாடிகள்.
ஓர் ஆண்டில் ஏறத்தாழ 3.15 கோடி விநாடிகள். ஆக, சுமார் 380 ஆண்டுகள்.

ஒரு மனிதரின் ஜீனோமுக்கு, ஓய்வே இல்லாமல், இவ்வளவு காலம். அதுவும் 60 சொல் சார்ட்டில் தேடும் வேகத்தில். உண்மையான மூலப்படியோ 300 கோடி எழுத்துகள் கொண்டது. கணினி ஏன் தேவை என்று அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

சேமிக்கும் இடத்தையும் கணக்கிடலாம். ஓர் எழுத்துக்கு ஒரு பைட். அந்த எழுத்தை எவ்வளவு உறுதியாகப் படித்தோம் என்ற குறிப்புக்கு இன்னொரு பைட். 9,000 கோடி எழுத்துகளுக்கு 18,000 கோடி பைட், அதாவது சுருக்காத நிலையில் 180 ஜிகாபைட். நம் நாட்டின் ‘ஜீனோம் இந்தியா’ திட்டம் 10,000 பேரின் ஜீனோமை வரிசைப்படுத்தும் இலக்குடன் தொடங்கியது. இந்தக் கணக்குப்படி 10,000 பேருக்கு 18 லட்சம் ஜிகாபைட், அதாவது 1.8 பெட்டாபைட். ஃபரிதாபாத்தில் 2022-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட இந்திய உயிரியல் தரவு மையம், சுமார் 4 பெட்டாபைட் சேமிப்பகத்துடனும் ‘பிரம்’ என்ற உயர்செயல்திறன் கணினி வசதியுடனும் ஏன் அமைக்கப்பட்டது என்பது இந்தக் கணக்கைப் போட்ட பிள்ளைகளுக்கு எளிதில் புரிந்தது.

ஒரு பொதுக் கணினியின் கதை

இரண்டாம் பாடவேளையில் ஓர் உண்மையான கணினியைப் பற்றிப் பேசினோம். 1994-இல் அமெரிக்காவின் நாசா கோடார்டு மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்டு பெக்கர் ஆகியோர், கடையில் கிடைக்கும் சாதாரணக் கணினிப் பாகங்களைக் கொண்டு 16 செயலிகளை ஈதர்நெட் கம்பியால் இணைத்து ஒரே கணினிபோல் வேலை செய்ய வைத்தார்கள். பழைய ஆங்கிலக் காவிய வீரன் ஒருவனின் பெயரால் அதைப் ‘பியோவுல்ஃப்’ என்று அழைத்தார்கள். விலை உயர்ந்த தனிவகை இயந்திரம் இல்லாமலும் பெருங்கணக்குகளைச் செய்யலாம் என்று இது காட்டியது.

அதே வழியில், அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள், சுருக்கமாக என்.ஐ.எச்., 1999-இல் மேரிலாந்து மாநிலத்தின் பெதஸ்டா வளாகத்தில் ஒரு கணினித் தொகுப்பைத் தொடங்கியது. உயிரியலுக்கானது என்பதால் அதன் பெயர் ‘பயோவுல்ஃப்’. என்.ஐ.எச். என்பது 27 நிறுவனங்களும் மையங்களும் சேர்ந்த அமைப்பு. புற்றுநோய், கண், இதயம், தொற்றுநோய் என ஒவ்வொன்றையும் ஆராய்பவர்கள் ஒரே கணினித் தொகுப்பைப் பகிர்ந்துகொள்கிறார்கள். கட்டம் கட்டமாக வளர்ந்து இன்று அதில் 90,000-க்கும் மேற்பட்ட செயலிக் கருக்கள் உள்ளன.

கட்டம் கட்டமாக என்ற சொல்லைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொன்னேன். பொதுக் கணினியை ஒரே நாளில் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வைக்க முடியாது. யாரோ ஒருவருடைய கணக்கு அதில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே புதிய கணினிகளைச் சேர்ப்பதும், மிகப் பழையவற்றை ஓய்வு பெறச் செய்வதும் அடுத்தடுத்து நடக்கும். புதிதும் பழையதும் சில காலம் பக்கத்துப் பக்கத்தில் வேலை செய்யும்.

எதை மேம்படுத்துவது என்பதற்கும் ஒரே விடை இல்லை. ஆய்வுக்கு ஆய்வு காத்திருக்கும் இடம் வேறு.

• ஜீனோம் துண்டுகளைப் பொருத்துபவருக்கு நிறையச் செயலிகள் வேண்டும். அவற்றுக்குத் தரவை வேகமாக எடுத்துக் கொடுக்கும் சேமிப்பகமும் வேண்டும். சேமிப்பகம் மெதுவாக இருந்தால், நம் சார்ட்டின் முன் நின்ற 12 பேரைப்போல் செயலிகள் சும்மா நிற்கும்.
• மூலப்படியே இல்லாமல் துண்டுகளை மட்டும் வைத்து ஜீனோமை உருவாக்குபவருக்குப் பெரிய நினைவகம் வேண்டும். எல்லாத் துண்டுகளையும் ஒரே மேசையில் பரப்பினால்தான் எதோடு எது ஒட்டும் என்று தெரியும்.
• உறைநிலை மின்னணு நுண்ணோக்கியில் எடுத்த படங்களிலிருந்து புரதத்தின் முப்பரிமாண வடிவத்தைப் பெறுபவருக்கு ஜி.பி.யு. என்னும் வரைகலைச் செயலி வேண்டும். இந்த நுண்ணோக்கி முறையை உருவாக்கிய மூவருக்கு 2017-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.
• புரதத்தின் அணுக்கள் எப்படி அசைகின்றன என்று பல கணினிகளில் பிரித்துக் கணக்கிடுபவருக்கு வேகமான வலையமைப்பு வேண்டும். ஒரு கணினி தன் அணுக்களின் இடத்தைப் பக்கத்துக் கணினிக்குச் சொல்லாமல் அடுத்த படிக்குப் போக முடியாது.

பிறகு மின்சாரம், குளிரூட்டல். கணினி எடுத்துக்கொள்ளும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகிறது. அதை வெளியேற்ற வழி இல்லாத அறையில் புதிய இயந்திரத்தை வைத்துப் பயனில்லை.

ஏன் ஓர் எல்லைக்கு மேல் வேகம் கூடாது?

51 துண்டுகளின் இடத்தைத் தேடும் வேலையைப் பிரித்துக் கொடுத்தோம். ஆனால் கடைசியில் அவற்றை அடுக்கி மாற்றத்தைக் கண்டறியும் வேலையை ஒரே மாணவிதான் செய்தாள். ஒருவர் தேடினாலும் 12 பேர் தேடினாலும் அவளுக்கு அதே நேரம்தான் ஆனது.

1967-இல் ஜீன் ஆம்டால் என்ற கணினி வல்லுநர் முன்வைத்த கருத்து இதுதான். அதை ஒரு கணக்காகக் கொடுத்தேன். ஒரு வேலைக்கு 100 நிமிடம். அதில் 10 நிமிட வேலையைப் பிரிக்கவே முடியாது. மீதி 90 நிமிட வேலையை 9 பேருக்குப் பிரித்தால் மொத்தம் 10 + 10 = 20 நிமிடம். 90 பேருக்குப் பிரித்தால் 10 + 1 = 11 நிமிடம். 900 பேருக்குப் பிரித்தால் 10.1 நிமிடம். 90-லிருந்து 900-க்குப் போக ஆன செலவு எவ்வளவு, மிச்சமான நேரம் எவ்வளவு? எத்தனை பேர் வந்தாலும் 10 நிமிடத்துக்குக் கீழே போக முடியாது. பாடநூல் கணக்கு தவறில்லை. முழு வேலையையும் பிரிக்க முடியும், யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம் என்று அது எடுத்துக்கொள்கிறது. அந்த நிபந்தனையைச் சொல்லிக் கொடுத்தால் கணக்கு இன்னும் நன்றாகப் புரிகிறது.

வாங்குவதற்கு முன் கேட்கும் கேள்விகள்

என்.ஐ.எச். 1982 முதல் பொதுக் கருவிகள் வாங்குவதற்கென்றே ஒரு நிதியுதவித் திட்டத்தை நடத்தி வருகிறது. பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் விண்ணப்பிக்கலாம். நுண்ணோக்கி போன்ற கருவிகளுடன் கணினித் தொகுப்புகளும் இதில் அடங்கும். இதன் விதிகளே எனக்குப் பாடமாக இருந்தன. ஒருவருடைய ஆய்வகத்துக்காக மட்டும் கேட்க முடியாது. குறைந்தது மூன்று முதன்மைப் பயனர்களைக் காட்ட வேண்டும். ஒவ்வொருவரும் எதற்காக, எவ்வளவு நேரம் பயன்படுத்துவார் என்று எழுத வேண்டும். இப்போதுள்ள கருவி ஏன் போதவில்லை என்று விளக்க வேண்டும். யார் இயக்குவார், நேரத்தை எந்தக் குழு பங்கிடும் என்று சொல்ல வேண்டும். கருவிக்குத்தான் பணம், பராமரிப்பு விண்ணப்பிக்கும் நிறுவனத்தின் பொறுப்பு.

பங்கிடுவதற்கும் முறை உண்டு. பெரிய கணினித் தொகுப்புகளில் வேலைகள் ஒரு வரிசையில் நிற்கும். வரிசையை ஒரு மென்பொருள் நடத்தும். அண்மையில் நிறையப் பயன்படுத்தியவருடைய அடுத்த வேலை சற்றுப் பின்னே போகும். குறைவாகப் பயன்படுத்தியவருடையது முன்னே வரும். பெரிய ஆய்வுக்குழு ஒன்று கணினி முழுவதையும் பிடித்துக்கொண்டு, புதிதாக வந்த இளம் ஆய்வாளரை மாதக்கணக்கில் காக்க வைப்பதைத் தடுக்கும் ஏற்பாடு இது.

இதைச் சொல்லி முடித்ததும் ஒரு மாணவி கேட்டாள்: “அப்ப நம்ம லேப்லயும் கம்ப்யூட்டரா பிரச்சினை, சார்ட்டா பிரச்சினை டீச்சர்?”

என்னிடம் விடை இல்லை. ஐந்து ஆண்டுகளாக ஆய்வகம் என் பொறுப்பு. ஒரு நாளும் அளந்து பார்த்ததில்லை.

எங்கள் ஆய்வகத்தில் செய்தவை

இரண்டு வாரத்துக்கு ஒரு ‘காத்திருப்புக் குறிப்பேடு’ வைத்தோம். ஒவ்வொரு பாடவேளையிலும் இரண்டு மாணவர்கள் பொறுப்பு. யார், எதற்காக, எத்தனை நிமிடம் காத்திருந்தார் என்று மட்டும் எழுத வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

குறிப்பேட்டைக் கூட்டிப் பார்த்தபோது மூன்று விஷயங்கள் தெரிந்தன. முதலாவது, காத்திருந்த நேரத்தில் பாதிக்கும் மேல், எல்லாக் கணினிகளிலும் ஒரே காணொலியை ஒரே நேரத்தில் இணையத்திலிருந்து திறக்கும்போது ஏற்பட்டது. இருப்பது ஓர் இணைய இணைப்பு. இதுதான் எங்கள் சார்ட். இரண்டாவது, ஏழு கணினிகளில் வன்தட்டு பழையது. கணினி திறந்து வேலைக்குத் தயாராவதற்குள் பாடவேளையில் கால்பங்கு போய்விடும். மூன்றாவது, என்னைத் தலைகுனிய வைத்தது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தேர்வைக் காரணம் காட்டிப் பாடவேளைகளை எடுத்துக்கொண்டதால், அந்த இரண்டு வாரத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர் குறிப்பேட்டில் ஒரு முறைகூட இல்லை. அவர்கள் காத்திருக்கவில்லை, ஆய்வகத்துக்குள்ளேயே வரவில்லை. அந்த மாற்றங்களுக்குச் சரி என்று சொன்னவள் நான்தான்.

ஆறு கணினிகள் வந்திருந்தால் இதில் எது தீர்ந்திருக்கும்? ஒரே இணைப்பில் இன்னும் ஆறு பேர் சேர்ந்திருப்பார்கள். நெரிசல்தான் கூடியிருக்கும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் நடந்ததும் அதுதான்.

தலைமையாசிரியரிடம் குறிப்பேட்டைக் காட்டினேன். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மாணவி ஒருத்தியே அதைப் படித்தாள். பிறகு முன்னாள் மாணவர்களிடம் கொடுத்த தாளில், ஏழு கணினிகளுக்குப் புதிய வகை வன்தட்டு, யு.பி.எஸ்.ஸுக்கு மின்கலம், இரண்டு ஆண்டுப் பராமரிப்புக்கு ஒரு தொகை என்று எழுதினோம். காணொலிகளை முந்தைய நாள் மாலையே தரவிறக்கி எல்லாக் கணினிகளிலும் படியெடுத்து வைக்கிறோம். அதற்குச் செலவே இல்லை. ஆறாம் வகுப்புக்கு வாரம் இரண்டு பாடவேளைகள் ஒதுக்கி, தேர்வுக் காலத்திலும் அவற்றை மாற்றக் கூடாது என்று குழுவில் முடிவெடுத்தோம்.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. மூன்று கணினிகள் சரி செய்யும் நிலையைக் கடந்துவிட்டன. அவற்றுக்குப் பதில் புதியவை தேவைதான். ஆனால் இப்போது அந்தத் தேவையை எழுதும்போது, எத்தனை பிள்ளைகள், வாரத்துக்கு எத்தனை நிமிடம் இழக்கிறார்கள் என்ற கணக்கு எங்கள் கையில் இருக்கிறது.

ஆசிரியர்களுக்கான குறிப்புகள்

தொடக்க வகுப்புகளில் 60 சொற்களுக்குப் பதில் 12 சொற்களில் ஒரு சிறு கதை போதும். துண்டுகளில் மூன்று சொற்கள் இருக்கட்டும். படிக்கத் தடுமாறும் பிள்ளையும் சொல்லின் வடிவத்தைப் பார்த்துப் பொருத்திவிடுகிறது. பொருத்திய பிறகு உரக்கப் படிக்கச் சொல்லலாம். வாசிப்புப் பயிற்சியாகவும் அமையும்.

பத்தாம் வகுப்பில் மரபியல் பாடத்துடனும், பன்னிரண்டாம் வகுப்பில் மூலக்கூறு மரபியலுடனும் இதை இணைக்கலாம். அறிவியல் ஆசிரியரும் கணித ஆசிரியரும் சேர்ந்து நடத்தினால் இரண்டு பாடவேளைகளும் வீணாகாது. சார்ட்டின் முன் நெரிசல் ஏற்படும்போது ஆசிரியர் குறுக்கிடாமல் இருப்பது முக்கியம். அந்த நெரிசலில்தான் பாடம் இருக்கிறது.

மதிப்பீட்டுக்கு நான் கொடுத்த கேள்விகள்:

1. ஒரு வேலையில் 20 நிமிடம் பிரிக்க முடியாதது, 80 நிமிடம் பிரிக்கக்கூடியது. 4 பேர், 8 பேர், 80 பேர் செய்தால் எவ்வளவு நேரம்?
2. நான்கு துண்டுகளில் ஒன்றில் மட்டும் ஒரு சொல் மாறியிருக்கிறது. அது பிழையா, மாற்றமா? இன்னும் உறுதியாகச் சொல்ல என்ன செய்வாய்?
3. உன் வீட்டில், பள்ளியில், ஊரில் பலர் பகிர்ந்துகொள்ளும் ஒரு பொருளைத் தேர்ந்தெடு. ஒரு வாரம் கவனித்து, எங்கே காத்திருக்கிறார்கள் என்று எழுது.

மூன்றாவது கேள்விக்கு வந்த விடைகள் என் மேசையில் இருக்கின்றன. தெருக்குழாய், சத்துணவு வரிசையில் தட்டு கழுவும் இடம், வீட்டில் நான்கு பேருக்கு ஒரு கைபேசி, மாணவிகள் கழிப்பறை என்று எழுதியிருக்கிறார்கள். கழிப்பறை பற்றி எழுதிய மாணவி, இடைவேளை பத்து நிமிடம், வரிசையில் நிற்பவர் எத்தனை பேர், ஒருவருக்கு ஆகும் நேரம் எவ்வளவு என்று கணக்குப் போட்டு, கதவு உடைந்த இரண்டு அறைகளைச் சரி செய்தாலே போதும், புதிதாகக் கட்டும் வரை காத்திருக்க வேண்டாம் என்று முடித்திருந்தாள். அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தின் பொருள்நிரலில் அவளுடைய தாள்தான் முதலில் இருக்கிறது.